அண்ணாவியார் பெயர் விடுபட்ட ஒலிபரப்பு

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். தொண்ணூறுகளின் முற்பகுதியில் அவரும் நானும் ஒரே பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவர்களாக இருந்தோம். "அந்த நாளில நாங்கள் வானொலியில் பாடினமே, அந்த நாடா எங்கையாவது இருக்குமா?" என்றார். இருக்காது என்றேன். ஒலிப்பதிவு நாடாக்களை அழித்து அழித்துத் திரும்பவும் பயன்படுத்திய காலம் அது. நண்பர் பெருமூச்சு விட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். எனக்கோ நாடா இல்லாதது ஒருவகையில் நிம்மதியைத் தந்தது. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டியிருக்கிறது.

எனது ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காகச் சொல்வதானால், மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த சிறுநகரம் அது. எருவில், மகிழூர், குருமண்வெளி, செட்டிபாளையம் எல்லாம் அயற்கிராமங்கள். சூரியன் எழும் பக்கமாகையால் இக்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயல்களும் குளங்களும் நிறைந்த கரை படுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தாலும் குருமண்வெளித் துறையின் பாதையாலும் இரு கரைகளும் தொடுக்கப்பட்டுள்ளன.

இந்த இரு கரைகளும் பாட்டால் நிறைந்தவை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்தால் வழக்குரையும் காவியமும் குளிர்ச்சியும் பாடப்படும். கொம்புமுறி விளையாட்டுக்குத் தனிப் பாட்டு, வசந்தன் ஆடுவதற்குத் தனிப் பாட்டு. களவெட்டியில் சூடு மிதிக்கையில் பொலிப்பாட்டு. மாரி முடிந்து அறுவடையும் முடிந்தபின் கூத்துக் களரி. வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்று நூலாக்கினார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழக'த்தை வெளியிட்டார். ஆனால் நூலில் ஏறுவது வேறு, காற்றில் ஏறுவது வேறு. எங்கள் பாட்டுக் காற்றில் ஏறிய கதை நேரானதன்று.

முதலில் ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஒரு காப்புறுதிக் கம்பனி நடத்திய வானொலி நிலையத்தில், 1925 நவம்பர் 28ஆம் திகதி இரவு ஜிம்மி தொம்சன் என்னும் 77 வயதுக் கிழவர் பிடில் வாசித்தார். கேட்டவர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசையை உலகறியச் செய்த 'கிராண்ட் ஓல் ஒப்ரி' நிகழ்ச்சி அன்று தொடங்கியதாகவே கணக்கு. அதற்கு மூன்று கிழமைகள்கூட ஆகாமல், அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி, கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பிக்கப்பட்டது. தந்திப் பகுதிப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரின் முயற்சி அது. ஆசியாவிலேயே மிகப் பழைய வானொலிகளுள் ஒன்று என்று நாம் பெருமைப்படுவது இதையே.

ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு வானொலிகள். அங்கே, கம்பனியின் வாடிக்கையாளர் நாட்டுப்புறத்தார் என்பதனால் நாட்டுப்புறத்தான் தன் பிடிலோடும் தன் பேரோடும் நேராக ஒலிவாங்கியின் முன் வந்து நின்றான். இங்கே வானொலி அரசாங்கத்தின் கையில் இருந்தது. கேட்டவர்கள் நகரத்தார், படித்தவர்கள், வானொலிப் பெட்டி வாங்கக்கூடியவர்கள். கிராமத்தான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவதானால் யாராவது ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இலங்கை வானொலியின் தமிழ்ப் பகுதி பெரிய மனிதர்களால் வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 'ஒலிபரப்புக் கலை' எழுதிய சோ. சிவபாதசுந்தரம் அங்கிருந்தே லண்டன் சென்று பிபிசிக்குத் 'தமிழோசை' என்ற பெயரைக் கொடுத்தார். 'சானா' சண்முகநாதன் வானொலி நாடகத்தை ஒரு கலையாகவே ஆக்கினார். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' கிராமத்துப் பேச்சை வானொலிக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் கிராமம் யாழ்ப்பாணத்துக் கிராமம். 'மறுகா' என்றும் 'ஒள்ளுப்பம்' என்றும் பேசும் எங்கள் நாக்குக்கு அங்கே இடம் கிடைக்க நெடுநாள் சென்றது. வர்த்தக சேவையோ, மயில்வாகனன் காலந்தொட்டுத் தமிழகத்துக்கும் சேர்த்துத் திரைப்பாடல் வழங்கிய சேவை. அதில் பொலிப்பாட்டை யார் தேடப்போகிறார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களில் மட்டக்களப்பில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அடிகளார், கல்லடி வாவியில் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கிப் பாடும் மீனின் ஓசையைப் பதிவுசெய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. சுவாமி விபுலானந்தர் 'யாழ் நூ'லில் நீரரமகளிர் என்று வியந்த அதே ஓசை. எங்கள் அண்ணாவிமார் பலருக்கு வாழ்நாள் முழுவதும் கிட்டாத ஒலிவாங்கி எங்கள் மீனுக்குக் கிட்டியது.

கைப்பிடித்து அழைத்துச் சென்றது பல்கலைக்கழகம். அதுவும் ஒரு சிங்கள நாடகத்தின் தூண்டுதலால் என்பதை நம்மவர் சிலர் சொல்லக் கூச்சப்படுவர். 1956 நவம்பர் 3ஆம் திகதி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு எதிர்வீர சரச்சந்திர தயாரித்த 'மனமே' கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு அது. அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநாதரிடம் இருந்த நாடகம் என்னும் பழைய கூத்து வடிவத்தை எடுத்து அவர் நவீன மேடைக்கு ஏற்றினார். அந்த நாடகம் என்னும் வடிவத்திலே தமிழ்க் கூத்தின் இரத்தம் ஓடுகிறது என்பதைச் சரச்சந்திர மறைத்தவரல்லர். 'மனமே'யின் பாடல்கள் படித்த சிங்களவர் வீடுகளில் முணுமுணுக்கப்பட்டன.

அதே பேராதனையில் தமிழ்த்துறையில் இருந்தவர் சு. வித்தியானந்தன். தெல்லிப்பழையில் பிறந்தவர். லண்டனில் பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமை அவரிடம் வந்ததும் அவர் நூலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் ஊர் ஊராகப் போனார். அண்ணாவிமாரைத் தேடிச் சந்தித்தார், கூத்து விழாக்களையும் போட்டிகளையும் நடத்தினார், நாட்டுப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். 1962இல் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்'. அறுபதுகளின் நடுப்பகுதியில் 'இராவணேசன்', பின்னர் 'வாலி வதை'. அமிர்தகழியிலிருந்து பேராதனைக்குச் சென்ற சி. மௌனகுரு என்னும் மாணவரே இராவணனாக ஆடினார். பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியானவரும் அவரே.

மாணவருக்கு ஆட்டத்தையும் தாளத்தையும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். இந்தப் பெயரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பேராதனை செய்த வேலையின் பெறுமதியை இன்று உணர்வது கடினம். கூத்தாடுவது படிப்பறிவில்லாதவர் வேலை, வயலில் நிற்பவனுடைய வேலை என்று கருதிய நம் படித்த வர்க்கத்தின் கண்முன்னே பட்டதாரி மாணவர் சதங்கை கட்டி ஆடினர். தகப்பன் ஆடிய கூத்தைச் சொல்ல வெட்கப்பட்ட மட்டக்களப்புப் பிள்ளைகள் தலை நிமிர்ந்தார்கள். என் மூத்தோர் சிலர் இதைச் சொல்லிக் கண் கலங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு விலையும் இருந்தது. எங்கள் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். நாற்புறமும் சனம். பொழுது பட்டபின் தொடங்கி விடிய விடிய நடக்கும். பேராதனை மேடைக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. ஆகவே வட்டத்தின் நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குப் போனார். ஓரிரவுக் கூத்து இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவாகச் சுருங்கியது. நகரத்துச் சபையோர் பொறுமைக்கு ஏற்ற அளவு அது. வித்தியானந்தனைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. அவர் சுருக்கியிராவிட்டால் கொழும்பில் ஒருவரும் உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டார்கள். எனினும் நடுவில் நின்றவர் ஓரத்துக்குப் போனார் என்பது உண்மை.

வானொலி அதனினும் கடுமையான கத்தரிக்கோல். கூத்துப் பாட்டுக் காலோடு பிறப்பது. வரவு ஆடி, தாளக்கட்டை முடித்து, மூச்சு வாங்கிய நிலையிலேதான் கூத்தன் பாடுகிறான். அந்த மூச்சு பாட்டின் ஒரு பகுதி. ஒலிவாங்கியின் முன் அசையாமல் நின்று பாடச் சொன்னால், குரல் துப்புரவாக வரும், பாட்டு வராது. சதங்கை ஒலியோ 'இரைச்சல்' என்று ஒதுக்கப்படும். மத்தளத்தைத் தூரத்தில் வைப்பார்கள், குரலை மூடிவிடுமாம். பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் படித்தால் நேரம் வீண் என்பார்கள். இத்தனையும் கழித்தபின் எஞ்சுவதற்கு மெல்லிசைக்காரர் ஒருவர் வயலின் சேர்த்தால் 'கிராமிய கீதம்' ஆகிவிடும்!

1981 ஆகஸ்ட் முதலாம் திகதி மட்டக்களப்புக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. எங்கே? வந்தாறுமூலையில், அங்கிருந்த மத்திய மகா வித்தியாலய வளவில். செல்லையா அண்ணாவியாரின் ஊர். மௌனகுரு படித்த பள்ளிக்கூடம். ஒரு காலத்தில் அண்ணாவியார் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பேராதனைக்குப் போனார், இப்போது பல்கலைக்கழகம் அவரது ஊருக்கே வந்தது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் நான்கு ஆண்டுகளில் அந்த வளாகம் அகதி முகாமாகியது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அக்காலத்தில் மட்டக்களப்பில் கூத்துப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிச் செல்ல முடியாது. ஊரடங்கில் விடிய விடியக் கூத்து ஏது? இரவில் மத்தளம் அடித்தால் துவக்கு வெடி பதிலாக வரக்கூடிய நாட்கள். களரிகள் புல் மண்டின. மேடை சுருக்கியதை, வானொலி சுருக்கியதை, யுத்தம் முற்றாகவே நிறுத்தியது.

அந்த இருளுக்குள்ளேயே மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையைக் கட்டினார். 'இராவணேச'னைப் புதிய தலைமுறை மாணவருக்குப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'இன்னியம்' என்றொரு வாத்திய அணியை உருவாக்கினார். அதுவரை பல்கலைக்கழக விழாக்களில் விருந்தினரை வரவேற்க மேலைநாட்டு பாண்ட் வாத்தியமே கதி. அதை அகற்றிவிட்டுப் பறை, மத்தளம், உடுக்கு, சங்கு, சிலம்பு, தாளம் ஆகியவற்றோடு, கூத்து உடுப்பைத் தழுவிய உடை அணிந்த மாணவர் அணி ஊர்வலத்தின் முன்னே சென்றது. இதில் பெரிய சங்கதி பறை. சாவீட்டுக்கும் கோயில் வெளிவீதிக்கும் என்று ஒதுக்கப்பட்ட கருவியைப் பட்டப்படிப்பு மாணவர், எல்லாச் சாதிப் பிள்ளைகளும், தோளில் போட்டு அடித்தார்கள். நூறு கட்டுரை செய்யாத வேலையை அந்தத் தோல்வார் செய்தது என்பது என் எண்ணம்.

மாற்றுக் கருத்தும் எழுந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தில் கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கினார். கூத்தைக் கிராமத்திலிருந்து எடுத்து மேடைக்குக் கொடுப்பதை விட, களரியிலேயே வைத்து, அந்த ஊரவரோடு பேசிப் பேசி, கதையையும் பாட்டையும் அவர்களே மாற்றட்டும் என்பது அவர் பக்கம். சாதியும் பெண்ணைத் தாழ்த்தும் வரிகளும் அந்தப் பேச்சில் கேள்விக்குள்ளாயின. இரு தரப்பாரும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டபோது நான் செய்தியாளனாக இரண்டையும் பக்கத்தில் போட்டேன். எதன் பக்கம் நின்றாய் என்று கேட்டால், என் தலை மௌனகுருவுடனும் என் மனச்சாட்சி ஜெயசங்கருடனும் நின்றன என்பேன். என் மனச்சாட்சி ஏன் அங்கே நின்றது என்பதற்குத்தான் நண்பர் கேட்ட நாடா.

நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரும் அந்த வானொலியின் பெயரும் இங்கே வேண்டாம். பிழை அவர்களுடையதன்று. நாங்கள் பத்துப் பேர். விரிவுரையாளர் ஒருவரின் முயற்சியால் வானொலியில் அரை மணித்தியாலம் நாட்டார் பாடல் பாட வாய்ப்புக் கிடைத்தது. எங்களுக்குப் பாட்டுத் தெரியும் என்று நினைத்திருந்தோம். பழகத் தொடங்கியபின்தான் ஒன்றும் தெரியாது என்பது விளங்கியது. ஊருக்கு வந்து, வாவி கடந்து, படுவான்கரையில் ஓர் அண்ணாவியாரைப் பிடித்தேன். அறுபதைத் தாண்டியவர். வேளாண்மை வேலையை மகனிடம் விட்டுவிட்டு மூன்று கிழமை எங்களோடு வந்து இருந்தார். வரும்போது சோதனைச் சாவடியில் மத்தளத்தைத் தட்டித் தட்டி உள்ளே என்ன என்று கேட்டார்களாம். "சத்தம்தான் இருக்கு" என்றாராம்.

வசந்தன் இரண்டு, பொலிப்பாட்டு ஒன்று, தென்மோடி வரவு ஒன்று பழக்கினார். ஒலிப்பதிவில் மத்தளமும் அவரே அடித்தார். மேலே எழுதினேனே, மத்தளத்தைத் தூரத்தில் வைப்பது, சதங்கையைக் கழற்றச் சொல்வது எல்லாம், கேள்விப்பட்டு எழுதியவை அல்ல. அவர் ஒன்றும் பேசவில்லை. சொன்ன இடத்தில் போய் இருந்தார்.

அறிவிப்பாளர் வாசிப்பதற்குக் கலைஞர் விபரம் எழுதித் தரும்படி கேட்டார்கள். என் கையெழுத்து நல்லது என்று என்னிடம் தாளைத் தந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், துறையின் பெயர், விரிவுரையாளர் பெயர், பாடியோர் பத்துப் பேரின் பெயர் எழுதினேன். கடைசி வரியில் 'பக்கவாத்தியம்: குழுவினர்' என்று முடித்தேன். அவசரத்தில் அண்ணாவியாரின் பெயர் மறந்துபோயிற்று என்று பல ஆண்டுகள் நண்பர்களுக்குச் சொல்லிவந்தேன். மறக்கவில்லை. அவர் மாணவர் அல்லர். பல்கலைக்கழகக் குழு என்று அறிவிக்கும் நிகழ்ச்சியில் வயல்காரர் ஒருவரின் பெயர் வந்தால் எடுபடாது என்று, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, யோசித்தேன். யோசித்துத்தான் விட்டேன். அறிவிப்பாளர் தாளில் இருந்ததைப் பிசகில்லாமல் வாசித்தார்.

ஒலிபரப்பான நாளில் படுவான்கரையில் பற்றரி இல்லை. அண்ணாவியார் ஊரவர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வாவி கடந்து களுவாஞ்சிக்குடிச் சந்தைப் பக்கம் ஒரு தேநீர்க் கடைக்கு வந்து, முதலாளியிடம் கேட்டு, வானொலியைத் திருப்பி வைத்திருக்கிறார். அரை மணித்தியாலத்தில் பதினான்கு நிமிடம்தான் போயிற்று. பொலிப்பாட்டு வரவேயில்லை.

அடுத்த விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, வயல் கதைகள் எல்லாம் பேசினார். நானாகத்தான் கேட்டேன்.

"மத்தளம் ஒள்ளுப்பம் கேட்டிச்சு மனே" என்றார். "ஆர் அடிச்சதெண்டு கடையில ஒருவன் கேட்டான். நான் சொல்லல்ல."

நான் தாளைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. யுத்தம் முடிவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். நான் அப்போது கொழும்பில் இரவுப் பணியில் இருந்தேன். செய்தி மூன்று நாள் கழித்தே வந்தது.

நண்பரின் தொலைபேசிக்குப் பிறகு, சென்ற கிழமை, குருமண்வெளித் துறையால் அக்கரை போய் மூத்த மகனைக் கண்டேன். இப்போது அவருக்கே அறுபதுக்கு மேல். தாளின் கதையை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். இப்படி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன், அப்பாவின் முழுப் பெயரையும் ஊரையும் போடப்போகிறேன் என்றேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"அண்டைக்குக் கேக்கிறதுக்கு அவர் இருந்தார் தம்பி. இப்ப ஆருக்கு? போடாதீங்க" என்றார்.

மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. ஆகவே இங்கும் அந்தப் பெயரை எழுதவில்லை.